எம்பாமர் ஆக என்ன படிக்கணும்?

சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் அனாட்டமி (உடற்கூறியல்) துறையில் 26 வருடம் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் விமானத்தில் போகும் உடல்களுக்கு எம்பாமிங், அதாவது இறந்த உடல் கெடாமல் இருக்க மருந்து ஏற்றிப் பதப்படுத்தும் வேலை, செய்யும் ஒரு டாக்டருக்குத் துணையாகப் போய்வருகிறேன். இந்த வேலைக்கு வர என்ன வழி என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

அம்பத்தூர், பி.எஸ்சி. விலங்கியல் முடித்தவர்: எம்பாமர் லைசென்ஸுக்கு எங்கே பரீட்சை எழுத வேண்டும் சார்?

எங்கேயும் இல்லை தம்பி. டாக்டருக்கும் நர்ஸுக்கும் இருப்பது போல எம்பாமருக்கென்று தனியாக ஒரு பதிவுக் கவுன்சில் நம் நாட்டில் கிடையாது. லைசென்ஸ் பரீட்சை என்று யூடியூபில் பார்த்திருந்தால், அது அமெரிக்கக் கதை. இங்கே எல்லாம் ஒரு காகிதத்தில் நிற்கிறது: எம்பாமிங் சான்றிதழ். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் கார்கோவில் சவப்பெட்டியை ஏற்றும் முன் அதைக் கேட்பார்கள். கூடவே இறப்புச் சான்று, போலீஸ் தடையில்லாச் சான்று, பெட்டி சீல் வைத்ததற்கான சான்று, வெளிநாட்டுக்கு என்றால் பாஸ்போர்ட். எம்பாமிங் சான்றிதழில் டாக்டர் கையெழுத்துப் போடுகிறார், பெரும்பாலும் அனாட்டமிக்காரர். பக்கத்தில் நின்று ஊசி பிடித்த என் பெயர் அதில் வராது.

"அரசு அங்கீகாரம் பெற்ற எம்பாமர் லைசென்ஸ்" என்று யாராவது பணம் கேட்டால், முதலில் அரசாணை எண்ணைக் கேளுங்கள்.

அதே தம்பி மறுபடியும்: அப்போ வழியே இல்லையா?

இருக்கிறது, நீளம்தான். கையெழுத்துப் போடும் இடத்துக்கு வர எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், அதன்மேல் எம்.டி. அனாட்டமி மூன்று வருடம். உங்கள் பி.எஸ்சி.யை வைத்து எம்.எஸ்சி. மெடிக்கல் அனாட்டமி சேரலாம், அதுவும் மூன்று வருடம். சேருவதற்கு முன் அந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வழி நான் வந்தது. லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு அனாட்டமி துறையில் வேலைக்குச் சேர்ந்து, பெரியவர்கள் கையைப் பார்த்துப் பழகுவது.

வியாசர்பாடி, பிளஸ் டூ மாணவி: பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா அண்ணா? வீட்டில் சிரிக்கிறார்கள்.

சிரிக்கிறவர்களிடம் ஒன்று கேளும்மா. 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா இறந்தபோது எம்பாமிங் செய்தது யார்? சென்னை மருத்துவக் கல்லூரியின் அனாட்டமி பேராசிரியர் டாக்டர் சுதா சேஷய்யன். பிறகு பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து, செய்ததை விளக்கியவரும் அவர்தான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் ஒரு அம்மாதான். உடலைத் தூக்கித் திருப்ப இரண்டு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பெரம்பூர், நர்ஸிங் மாணவர்: அப்படி என்ன பழக வேண்டியிருக்கிறது? ஃபார்மலினை ஏற்றுவதுதானே?

நானும் இப்படித்தான் நினைத்தேன். ஃபார்மலின், கிளிசரின், ஸ்பிரிட், ஃபீனால், தண்ணீர் எல்லாம் கலந்து, கழுத்திலோ தொடையிடுக்கிலோ தமனியைத் திறந்து ஏற்றுவோம். ஃபார்மலின் சதையை இறுக்கும், கிளிசரின் தோல் காய்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும், ஃபீனால் பூஞ்சையைத் தடுக்கும். இதை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம்.

பிரச்சினை அப்புறம்தான். சேர்ந்த புதிதில் அவசரப்பட்டு வேகமாக ஏற்றிவிட்டேன், முகம் உப்பிவிட்டது. வெளியே அந்தப் பெரியவரின் மகன் காத்திருந்தார். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேடம் என்னைத் திட்டவில்லை, "நீயே போய் அவரிடம் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு ஏற்றும்போது என் கண் குழாயைவிட முகத்தில்தான் அதிகம் இருக்கும்.

மஞ்சள் காமாலையில் இறந்தவருக்கு வழக்கமான ஃபார்மலின் கலவையை ஏற்றினால் தோல் பச்சை பாய்ந்துவிடும். பித்த நிறமி ஃபார்மலின் பட்டு மாறுவதால் வருவது அது. முன்கூட்டியே கேஸ் ஷீட்டைப் படித்துக் கலவையை மாற்றாவிட்டால், பிறகு திருத்த முடியாது. போஸ்ட்மார்ட்டம் ஆன உடலில் ரத்தக்குழாய்கள் வெட்டுப்பட்டிருக்கும், ஓரிடத்தில் ஏற்றியது இன்னோரிடத்தில் ஒழுகும். கழுத்து இரண்டு பக்கம், கைகள், கால்கள் என்று தனித்தனியாக ஏற்ற வேண்டும். சித்திரை வெயிலில் வந்த உடல் என்றால் கடிகாரத்தோடும் சண்டை. இதையெல்லாம் புத்தகம் சொல்லும், கை பழக இரண்டு மூன்று வருடம் ஆகும்.

நியூ ஜெர்சியில் மகன் இருக்கும் ஒரு அம்மா, அடையாறு: அமெரிக்காவில் எப்படி?

அங்கே லைசென்ஸை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகத் தருகிறது. பொதுவாக மார்ச்சுவரி சயின்ஸில் (எம்பாமிங், ஈமச்சடங்கு ஏற்பாடு பற்றிய படிப்பு) இரண்டு வருடம், அனுபவசாலி ஒருவரின் கீழ் ஏறக்குறைய ஒரு வருடப் பயிற்சி, தேசிய அளவில் ஒரு தேர்வு. அந்தத் தேர்வில் கலை ஒரு பகுதி, அறிவியல் ஒரு பகுதி. எம்பாமிங் அறிவியல் பக்கம். விபத்தில் சிதைந்த முகத்தை மெழுகு வைத்துத் திரும்ப உருவாக்குவதும் பாடத்தில் உண்டு. ஓஹையோ, மினசோட்டாவில் இளங்கலைப் பட்டமே கேட்கிறார்கள். கொலராடோவில் மட்டும் வெகுகாலம் லைசென்ஸ் தேவைப்படவில்லை. 2023இல் அங்கே ஓர் ஈமச்சடங்கு நிலையத்தில் சுமார் 190 உடல்கள் அழுகிக் கிடந்தது வெளியே வந்தது. அடுத்த வருடமே சட்டம் போட்டார்கள். பிரிட்டனில் சட்டப்படி லைசென்ஸ் கட்டாயமில்லை, ஆனாலும் தொழில் சங்கத்தில் சேரத் தேர்வு எழுதுகிறார்கள். உங்கள் மகனை நியூ ஜெர்சி மாநில வாரியத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

ராயபுரம்: ஃப்ரீசர் பாக்ஸ் போதாதா?

இரண்டு நாள் வீட்டில் வைத்து, மூன்றாம் நாள் காசிமேடு மயானத்துக்குக் கொண்டுபோக ஃப்ரீசர் பாக்ஸ் போதும். விமானத்துக்குப் போதாது.

தாம்பரம்: ஃபார்மலின் உடம்புக்குக் கெடுதலா?

ஆமாம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, ஃபார்மலினில் இருக்கும் ஃபார்மால்டிஹைடை முதல் பிரிவில் வைத்திருக்கிறது, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி. அமெரிக்காவில் வேலை செய்யும் இடத்துக் காற்றில் அதன் எட்டு மணி நேர சராசரி 0.75 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 0.75 பங்கு) தாண்டக் கூடாது என்று விதி. எங்கள் பழைய அறையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், அதுவும் பாதி நாள் ஓடாது. கண்ணில் தண்ணீர் வருவதைத் தொழில் அடையாளம் என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தோம், முட்டாள்தனம். சாதாரண துணி மாஸ்க் இதற்கு உதவாது.

மயிலாப்பூர், வழக்கறிஞர்: போலீஸ் கேஸ் என்றால்?

போஸ்ட்மார்ட்டம் முடியும் முன் தொடவே கூடாது. விஷம் குடித்த கேஸில் முதலில் எம்பாமிங் செய்தால் ஆதாரமே கலைந்துபோகும். கண்தானம் இருந்தாலும் அதுதான் முதலில், ஆறு மணி நேரத்துக்குள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: இந்த வேலைக்குப் பெண் கொடுப்பார்களா?

என் மாமனாரிடம் "மெடிக்கல் காலேஜில் வேலை" என்று மட்டும் சொன்னோம். கல்யாணம் ஆகி எட்டு மாதம் கழித்து, சட்டையில் இருந்த வாசனையை வைத்து என் மனைவி கண்டுபிடித்தாள். கோபம் வேலைக்காக இல்லை, மறைத்ததற்காக. நீங்கள் சொல்லிவிட்டே கட்டுங்கள்.

அம்பத்தூர் தம்பி, மூன்றாம் முறையாக: உங்களோடு வந்து கற்றுக்கொள்ளலாமா சார்?

டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன். அதற்குள், ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பிக்குத் தடுப்பூசி போட ஆரம்பியுங்கள். முதல் ஊசி இன்று என்றால் இரண்டாவது ஒரு மாதத்தில், மூன்றாவது ஆறாம் மாதம். மூன்றும் முடித்த சீட்டோடு வாருங்கள்.