கோப்புகள் காரணமின்றிக் கெடுகின்றனவா? டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் முன் ரேமைச் சோதியுங்கள்

கேள்வி: பெரிய கோப்புகளை நகலெடுத்தால் அவற்றில் சில கெட்டுப்போகின்றன. ஜிப் கோப்புகளைப் பிரிக்கும்போது அவ்வப்போது சிஆர்சி (தரவு மாறவில்லை என்று உறுதிசெய்யும் சரிபார்ப்பு எண்) பிழை வருகிறது. டிஸ்க் நன்றாக இருப்பதாக, அது தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கை சொல்கிறது. வைரஸும் இல்லை. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: தேடத் தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். காரணம் தெரியும்வரை அந்தக் கணினியில் எதையும் எழுதாதீர்கள். டிஸ்க்கின் கோப்பு முறைமையைச் சீர்செய்யும் செக்டிஸ்க் நிரலை ஓட்ட வேண்டாம், விண்டோஸை மறுபடி நிறுவ வேண்டாம், பேக்கப் எடுக்கவும் வேண்டாம். பேக்கப் டிஸ்க் இணைக்கப்பட்டிருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். இந்த வேலைகள் ஒவ்வொன்றிலும் தரவு ரேம் (கணினியின் தற்காலிக நினைவகம்) வழியாகத்தான் போய்வருகிறது. ரேம் பழுதாக இருந்தால், கோப்பு முறைமையைச் சீர்செய்ய வந்த நிரலே நல்ல கோப்புப் பட்டியலைத் தவறாகப் படித்து, அந்தத் தவறை டிஸ்க்கில் நிரந்தரமாக எழுதிவிடும். ஒன்றிரண்டு கோப்புகளோடு நின்றிருக்க வேண்டிய சேதம் முழு டிஸ்க்கும் பறிபோவதில் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

டிஸ்க்கை விட்டுவிட்டு ரேமை ஏன் முதலில் சந்தேகிக்க வேண்டும்? டிஸ்க் தன் ஒவ்வொரு செக்டாருடனும் (தரவைச் சேமிக்கும் சிறு துண்டு) பிழை திருத்தும் குறியீட்டையும் சேர்த்தே வைத்திருக்கிறது. ஒரு செக்டார் கெட்டால் பெரும்பாலும் "படிக்க முடியவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடும். டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும் சாட்டா கேபிளில் போகும் தரவுக்கும் சிஆர்சி காவல் இருக்கிறது. கேபிள் மோசமாக இருந்தால் ஸ்மார்ட் பட்டியலின் 199ஆம் வரிசையில் எண்ணிக்கை ஏறும். ஆனால் வீட்டுக் கணினிகளில் இருக்கும் சாதாரண ரேமுக்கு இப்படி ஒரு காவலும் கிடையாது. 1 என்று எழுதியது 0 என்று திரும்பி வந்தால் அதைக் கவனிக்க யாரும் இல்லை. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தரவு மாறுகிறது என்றால் முதல் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். சோதிக்கச் செலவும் இல்லை.

சோதனைக்கு முன், கெட்ட கோப்பையே சாட்சியாக விசாரிக்கலாம். பலர் இதைச் செய்வதில்லை. எனக்கோ இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். நல்ல நகல் ஒன்று வேறெங்காவது இருந்தால், இரண்டையும் வேறொரு கணினியில் வைத்து பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். லினக்ஸில் சிஎம்பி கட்டளையும் விண்டோஸில் எஃப்சி கட்டளையும் இதற்கென்றே இருக்கின்றன. வேறுபடும் இடங்களில் இரு மதிப்புகளையும் இருமத்தில் எழுதிப் பாருங்கள். ஒரே ஒரு பிட் மட்டும் மாறியிருந்தால் அது ரேமின் கைவேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

எடுத்துக்காட்டாக, எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'க' என்ற எழுத்து மூன்று பைட்டுகள். அதன் கடைசி பைட்டின் மதிப்பு 149. 'அ' என்ற எழுத்துக்கு முதல் இரண்டு பைட்டுகளும் அதேதான், கடைசி பைட் மட்டும் 133. இரண்டுக்கும் இடையே மாறுவது ஒற்றை பிட். உங்கள் கட்டுரையில் 'கடல்' என்று எழுதிய இடம் 'அடல்' என்று மாறியிருந்தால், அது தட்டச்சுப் பிழையாக இல்லாமல் ரேமில் புரண்ட ஒரு பிட்டாகவும் இருக்கலாம். டிஸ்க் தரப்புச் சேதம் இப்படி இருக்காது. அங்கே 512 அல்லது 4096 பைட்டுகள் மொத்தமாகப் போயிருக்கும். அந்த இடம் முழுக்கச் சுழியமாகவோ வேறொரு கோப்பின் துண்டாகவோ தெரியும்.

இன்னும் ஒரு படி ஆழமாகப் போகலாம். பிழை வந்த பைட்டுகள் கோப்பில் எத்தனையாவது இடத்தில் இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு, அந்த எண்களை 4096 ஆல் வகுங்கள். மீதி எப்போதும் ஒரே எண்ணாகவே வந்தால், ரேமின் ஒரு குறிப்பிட்ட இடம் பழுது என்று பொருள். இயங்குதளம் கோப்பை 4096 பைட் பக்கங்களாகத்தான் ரேமில் ஏற்றுகிறது. அதனால் பக்கத்துக்குள் அந்த இடம் மாறாது. அந்த மீதிகள் வேறுபட்டு, 8 ஆல் வகுத்தால் மட்டும் மீதி ஒரே எண்ணாகவே வந்து, பைட்டுக்குள் மாறிய பிட்டின் இடமும் ஒன்றேயானால் கதை வேறு. டிடிஆர்4 வரையிலான ரேமில் தரவு 64 கம்பிகளில், அதாவது ஒரே வேளையில் 8 பைட்டுகளாகப் பயணிக்கிறது. அவற்றில் ஒரு கம்பியிலோ அதன் தொடர்புமுனையிலோ கோளாறு இருக்கிறது. இத்தகைய பழுது சில சமயம் ரேம் ஸ்டிக்கைக் கழற்றி, முனைகளைத் துடைத்து, அழுத்தமாகப் பொருத்தினாலே தீர்ந்துவிடும்.

நல்ல நகல் கையில் இல்லையென்றால் ஹாஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற எண்) உதவும். ஒரு பெரிய கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹாஷ் மதிப்பை எடுங்கள். கணினியை மறுபடி துவக்கி மீண்டும் எடுங்கள். இடையில் மறுதுவக்கம் கட்டாயம் வேண்டும். ஒருமுறை படித்த கோப்பை இயங்குதளம் ரேமிலேயே வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்டால் டிஸ்க்குக்குப் போகாமல் அதே கெட்ட நகலையே தரும். இரு மதிப்புகளும் வேறுபட்டால் படிக்கும் வழியில் கோளாறு. நேற்றுத் திறக்காத கோப்பு மறுதுவக்கத்துக்குப் பின் தானாகத் திறந்தால், டிஸ்க்கில் இருப்பது நல்ல தரவுதான், ரேமில் இருந்த நகல்தான் கெட்டது என்று ஏறக்குறைய உறுதியாகவே சொல்லலாம்.

இனி சோதனை. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரேமைச் சோதிப்பதாகச் சொல்லும் நிரல்களை நான் முழுதாக நம்புவதில்லை. இயங்குதளம் பிடித்து வைத்திருக்கும் பகுதியை அவற்றால் தொட முடியாது. பென் டிரைவிலிருந்து துவங்கும் மெம்டெஸ்ட்86+ நல்ல தேர்வு. இலவசமானது, மூலநிரல் திறந்தது. புதிய துவக்க முறையான யூஇஎஃப்ஐ உள்ள கணினிகளிலும் ஓடுகிறது. அங்கீகரிக்கப்படாத நிரல்கள் துவங்குவதைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதி அதைத் தடுத்தால் தற்காலிகமாக அணைக்க வேண்டியிருக்கும். உங்கள் டிஸ்க்கில் பிட்லாக்கர் குறியாக்கம் இருந்தால் அதற்கு முன் மீட்புச் சாவியைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும். விண்டோஸுடன் வரும் மெமரி டயக்னாஸ்டிக் அவசரத்துக்குப் பரவாயில்லை. அது பிழை காட்டினால் நம்புங்கள், காட்டாவிட்டால் நிம்மதியடைய வேண்டாம்.

சோதனை செய்வது எளிய வேலைதான்: ரேமின் ஒவ்வொரு இடத்திலும் ஒரு வடிவத்தை எழுதித் திரும்பப் படிக்கிறது, பிறகு அதைத் தலைகீழாக்கி எழுதிப் படிக்கிறது. ஒரே வடிவம் போதாது. சில செல்கள் பக்கத்துச் செல்லில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே தவறு செய்யும். ரேமில் பயன்படும் டிராம் வகை நினைவகத்தின் செல் என்பது மின்னூட்டத்தைத் தேக்கும் ஒரு சிறு மின்தேக்கி. அது கசிந்துகொண்டே இருப்பதால் வழக்கமாக 64 மில்லிவிநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. நலிந்த செல் அதற்குள்ளேயே வடிந்துவிடும், வெப்பம் ஏறினால் இன்னும் விரைவாக. அதனால்தான் குளிர்ந்த கணினியில் ஓட்டிய அரைமணிச் சோதனை எதையும் நிரூபிக்காது. இரவு முழுக்க ஓட விடுங்கள். குறைந்தது நான்கு சுற்றுகளாவது முடியட்டும்.

முடிவைப் படிப்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஏற்கத்தக்க பிழை எண்ணிக்கை சுழியம் மட்டுமே. "பல மணி நேரத்தில் ஒரே ஒரு பிழைதானே, காஸ்மிக் கதிராக இருக்கும்" என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. கதிர்வீச்சு பிட்டைப் புரட்டும் என்பது உண்மைதான். சிப்பின் உறையிலிருந்த கதிரியக்கத் தடயங்கள் வெளியிட்ட ஆல்ஃபா துகள்களே டிராமில் பிழை உண்டாக்கின என்று இன்டெல் பொறியாளர்கள் மேயும் உட்ஸும் 1978 இலேயே காட்டினார்கள். ஆனால் கூகுளின் சர்வர்களை வைத்து 2009 இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் அதிகமான ரேம் ஸ்டிக்குகளில் பிழை தென்பட்டதாகவும், அவற்றில் தற்செயலானவற்றைவிட வன்பொருள் பழுதால் வந்தவையே மேலோங்கியிருப்பதாகத் தோன்றுவதாகவும் சொன்னது. ஒருமுறை பிழை செய்த ஸ்டிக் மறுபடியும் செய்யும் என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

பிழை வந்துவிட்டால் உடனே ஸ்டிக்கைத் தூக்கி எறியாதீர்கள். பயாஸில் (கணினி துவங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அவை ரேமை அடிப்படைத் தர அளவைவிட வேகமாக ஓட்டுபவை. அணைத்துவிட்டு மறுபடி சோதித்தால் பிழை மறைகிறதா? அப்படியானால் வேகத்தைக் குறைத்து வாழ்வதே போதுமானது. மறையவில்லை என்றால் ஒரு ஸ்டிக்கை மட்டும் விட்டுச் சோதியுங்கள்; பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்ததை. ஸ்டிக்கையும் ஸ்லாட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். ஒரு ஸ்டிக் மட்டும் எங்கே போட்டாலும் பிழை காட்டினால் அதுதான். எல்லா ஸ்டிக்குகளும் ஒரே ஸ்லாட்டில் தவறினால் மதர்போர்டைப் பாருங்கள். எல்லாமே எங்கும் தவறினால் மின்வழங்கியையோ, பிராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டியையோ சந்தேகிக்க வேண்டும்.

மெம்டெஸ்ட் இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழையும் காட்டவில்லை, ஆனால் கோப்புகள் மட்டும் கெடுகின்றன என்றால், அடுத்து பிரைம்95 நிரலை பிளெண்ட் முறையில் சில மணி நேரம் ஓட்டுங்கள். விடை முன்பே தெரிந்த கணக்குகளை பிராசசரும் ரேமும் சேர்ந்து சூடாகும்படி செய்ய வைத்து, விடையைச் சரிபார்க்கும் நிரல் அது. பிராசசரே குற்றவாளியாக இருப்பது அரிது, ஆனால் நடக்கிறது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் மிகை மின்னழுத்தத்தால் வந்த கோளாறு 2024 இல் உறுதிசெய்யப்பட்டது. சுருக்கிய கோப்புகளைப் பிரிக்கும்போது தோன்றும் பிழை அதன் பெயர்பெற்ற அறிகுறி. உங்களிடம் அந்தத் தலைமுறை இருந்தால் பயாஸைப் புதுப்பியுங்கள்; ஏற்கெனவே சேதமடைந்த பிராசசர் அதனால் குணமாகாது, மாற்றத்தான் வேண்டும்.

புதிய ஸ்டிக் வாங்கினால் அதையும் ஓர் இரவு சோதித்த பிறகே நம்புங்கள். அடுத்தமுறை கணினி வாங்கும்போது பிழை திருத்தும் ஈசிசி ரேமை ஏற்கும் மதர்போர்டு கிடைக்குமா என்று பாருங்கள். வழக்கமான டிடிஆர்4 ஈசிசி ரேமில் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் 8 பிட் காவல் உண்டு. ஒரு பிட் புரண்டால் திருத்தும், இரண்டு புரண்டால் அறிவிக்கும். டிடிஆர்5 சிப்புகளுக்குள்ளேயே இருக்கும் ஈசிசியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சிப்புக்கு வெளியே கம்பிகளில் நேரும் பிழையைக் காணாது.

பழுது நீங்கி, சோதனையும் பிழையின்றி முடிந்த பிறகுதான் செக்டிஸ்க் ஓட்ட வேண்டிய நேரம். அதன் பிறகு, பழுது தொடங்கியதாக நீங்கள் நினைக்கும் நாளுக்கு முந்தைய பேக்கப்பை எடுத்து, அன்று முதல் மாற்றத் தேதி மாறாத கோப்புகளை மட்டும் ஹாஷ் வைத்து ஒப்பிடுங்கள். தேதி மாறாமல் ஹாஷ் மாறியவை சேதமடைந்தவை. அவற்றைப் பேக்கப்பிலிருந்து மீட்கலாம். இடைப்பட்ட காலத்தில் புதிதாக எழுதப்பட்டவற்றில் ஜிப் கோப்புகளுக்கு உள்ளேயே சிஆர்சி இருப்பதால் 7-ஜிப்பின் சோதனை வசதியால் சரிபார்த்துவிடலாம். படங்களையும் காணொளிகளையும் திறந்துதான் பார்க்க வேண்டும். அது முடியும்வரை பழைய பேக்கப்பின் மேல் புதியதை எழுதாமல், தனி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள்.