பானை மேல் அலங்காரம்: எந்தப் பதத்தில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி: வாரம் ஒரு முறை, இரண்டு மணி நேரம் மண்பாண்ட வகுப்பு எடுக்கிறேன். பத்துப் பேர் வருகிறார்கள். எல்லோருக்கும் சக்கரம் ஓரளவு பழகிவிட்டதால் இப்போது அலங்காரம் கற்றுத்தரச் சொல்கிறார்கள். வெள்ளை ஸ்லிப் (தண்ணீரில் கரைத்த களிமண் குழம்பு) பூசிச் சுரண்டும் ஸ்கிராஃபிட்டோவில் ஆரம்பித்தேன். சிலருக்கு மண் பொடிப்பொடியாக உதிர்ந்தது, சிலருக்குக் கோடு குழைந்துபோனது. எந்த வரிசையில் கற்றுக்கொடுக்கலாம்? முழுக்கக் காய்ந்த பழைய பானைகளும் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றில் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: பொடிந்தது காய்ந்த பானை, குழைந்தது ஈரப் பானை. உங்கள் மாணவர்களின் கையில் குறை எதுவும் இல்லை. பத்துப் பேரும் பத்துப் பதத்தில் மண்ணை வைத்துக்கொண்டு ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதனால் பாடத்தை உத்திகளின் பெயரை வைத்துப் பிரிக்காமல் மண்ணின் பதத்தை வைத்துப் பிரியுங்கள். எளிதிலிருந்து கடினம் என்ற வரிசை இங்கே அவ்வளவாக உதவாது.

அச்சு பதிப்பது, கயிறு உருட்டுவது, இலை அழுத்துவது எல்லாம் மண் இளகலாக இருக்கும்போது செய்ய வேண்டியவை. பானைச் சுவரில் அச்சு வைக்கும்போது உள்ளே இன்னொரு கை தாங்க வேண்டும் என்பதைத் தவிர இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வகுப்பிலேயே ஆளுக்கு இரண்டு சின்ன அச்சுகள் செய்யச் சொல்லி, அவற்றை ஒரு முறை சுட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுட்ட அச்சு ஈர மண்ணில் ஒட்டாது.

அடுத்தது தோல் பதம். வகுப்பின் பெரும்பகுதியை இதற்கே கொடுங்கள். விரலால் லேசாக அழுத்தினால் குழி விழக்கூடாது, நகம் வைத்தால் கோடு விழ வேண்டும், தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். இதை ஒவ்வொருவரும் தொட்டுப் பார்த்துத்தான் பழக வேண்டும். மூன்று பதங்களில் மூன்று துண்டுகளை மேசையில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு எது எந்தப் பதம் என்று சொல்ல வையுங்கள். ஐந்து நிமிட விளையாட்டுதான், ஆனால் ஒரு மணி நேர விளக்கத்தைவிட நன்றாக மனதில் நிற்கும்.

வாராந்திர வகுப்பில் உண்மையான சிக்கல் நடுவில் வரும் ஆறு நாட்கள். இதற்கு ஈரப்பெட்டிதான் வழி. மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டியின் அடியில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்குப் பிளாஸ்டர் ஊற்றி இறுக விடுங்கள். பிறகு அது தண்ணீர் குடிக்கும் அளவுக்கு நனைத்து, மேலே பானைகளை வைத்து மூடிவிட்டால் வாரக்கணக்கில் தோல் பதம் மாறாது. ஆனாலும் முதல் மூன்று வகுப்புகளுக்குப் பானையே வேண்டாம். முந்தின நாள் எட்டு மில்லிமீட்டர் கனத்தில் மண்ணைப் பலகையாகத் தேய்த்து, உள்ளங்கை அளவு ஓடுகளாக வெட்டி, பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கும் ஒரே பதம் கிடைக்கும். அதோடு, தான் செய்த பானை கெட்டுவிடுமோ என்ற பயம் இல்லாததால் கை தாராளமாக ஓடும்.

ஓட்டில் முதலில் காகித மறைப்பு. நனைத்த செய்தித்தாளை வெட்டி ஒட்டி, மேலே ஸ்லிப் பூசி, ஈரப் பளபளப்பு போனதும் காகிதத்தை உரித்தெடுப்பது. வரையத் தெரியாது என்று ஒதுங்குபவர்கள்கூட இதில் அசத்திவிடுவார்கள். ஸ்லிப் கெட்டியைப் பார்க்க விரலை முக்கி எடுங்கள். தோலின் ரேகை மறைந்து நகத்தின் விளிம்பு மட்டும் தெரிந்தால் சரி.

அப்புறம் ஸ்கிராஃபிட்டோ. ஸ்லிப் பூசியதும் சுரண்டக் கூடாது. தொட்டால் விரலில் ஒட்டாத வரை காத்திருக்க வேண்டும். பதம் சரியாக இருந்தால் மண் சுருள்சுருளாக வரும். கோட்டின் ஓரத்தில் நிற்கும் பிசிறுகளை உடனே தட்டிவிடத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். தட்டினால் வெள்ளை ஸ்லிப்பும் சிவப்பு மண்ணும் கலந்து அழுக்காகிவிடும். முழுக்கக் காய்ந்தபின், முகக்கவசம் போட்டுக்கொண்டு மென்மையான தூரிகையால் தள்ளிவிடலாம். களிமண் தூசியில் சிலிக்கா இருப்பதால் வகுப்பறையைப் பெருக்கக் கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

கோடு கீறி அதில் வேறு நிற ஸ்லிப்பை நிரப்பும் மிஷிமாவை மூன்றாவதாக வையுங்கள். அது ஜப்பானியப் பெயர். 12ஆம் நூற்றாண்டில் கோர்யோ அரசு காலக் கொரியக் குயவர்கள் செலடான் என்னும் பச்சைச் சாயல் மேற்பூச்சுப் பாண்டங்களில் இதை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். கொரிய மொழியில் இதன் பெயர் கிட்டத்தட்ட 'சங்கம்' என்று ஒலிக்கும். நம் சங்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் மாணவர்கள் மறக்கவே மாட்டார்கள். ஸ்லிப் காயும்போது சுருங்கி உள்வாங்கும் என்பதால் இரண்டு மூன்று முறை நிரப்ப வேண்டும். இறுகியபின் மெல்லிய உலோகத் தகட்டால் மேலாகச் சீவினால் கோடு பளிச்சென்று வெளிவரும்.

ஓட்டிலிருந்து பானைக்கு வரும்போது புதுத் தடுமாற்றம் ஒன்று வரும். ஒரு பக்கத்தில் ஆரம்பித்து வளைந்து வந்தால் கடைசிப் பூ பாதியாக நிற்கும். பானையின் விளிம்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையைக் கட்டி, சுற்றளவுக்கு வெட்டி, ஆறாகவோ எட்டாகவோ மடித்து, மீண்டும் சுற்றிக் குறி வைக்கச் சொல்லுங்கள்.

கிளேஸ், அதாவது சுட்டால் கண்ணாடி போலாகும் மேற்பூச்சு விஷயத்தில் ஒரே எச்சரிக்கை. ஒளிபுகாத கிளேஸ் போட்டால் இத்தனை உழைப்பும் அடியில் புதைந்துவிடும். ஒளிபுகும் கிளேஸையே போடுங்கள், அதையும் மெல்லியதாக. தடித்தால் அதுவும் பால் போல மங்கிவிடும். என் ஆரம்பகால வகுப்பு ஒன்றில் இப்படி ஒரு சூளை முழுவதையும் மங்கடித்துவிட்டு, மாணவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றிருக்கிறேன்.

இனி அலமாரிப் பானைகள். காய்ந்த பானையில் ஸ்லிப் பூச விடாதீர்கள். பானை காய்ந்து சுருங்கி முடித்துவிட்டது, ஸ்லிப் இனிமேல்தான் சுருங்கும். அதனால் அது செதில்செதிலாகப் பெயரும். சுவர் மெல்லியதாக இருந்தால் தண்ணீரை உறிஞ்சி விரிசலும் விடும். பேசாமல் சுமார் 1000 டிகிரி செல்சியஸில் ஒரு முறை சுட்டுவிடுங்கள். சுட்டபின் அண்டர்கிளேஸால் (கிளேஸுக்கு அடியில் பூசும் நிறக் கலவை) தீட்டலாம். அச்சு பதித்த பானை என்றால், இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, ஈரப் பஞ்சால் மேடுகளை மட்டும் துடைத்தெடுக்கலாம். மெழுகு தடவிய இடத்தில் கிளேஸ் ஒட்டாமல் தடுக்கும் மெழுகு மறைப்பும் இந்தக் கட்டத்தில்தான். மெழுகு தவறான இடத்தில் சொட்டினால் துடைத்துப் போகாது, திரும்பச் சூளையில் வைத்து எரித்தால்தான் போகும். அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தூரிகையைக் கொடுங்கள்.