கொல்லைப்புறப் பட்டறை: மரமும் வெல்டிங்கும் ஒரே கூரையின் கீழா?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் காலி இடம் நிறைய இருக்கிறது. அங்கே 20 அடிக்கு 30 அடியில் ஒரு ஷெட் போட்டுப் பட்டறையாக்க நினைக்கிறோம். எனக்கு மரவேலை. பழைய மேசை நாற்காலிகளைச் சரிசெய்து தருகிறேன், இனி புதிதாகவும் செய்ய ஆசை. கணவருக்கு வெல்டிங். இரண்டும் ஒரே இடத்தில் நடக்கட்டும், இன்னும் பெரிதாகவே கட்டலாம் என்கிறார் அவர். பெரிதாகக் கட்டினால் வீட்டில் வேண்டாத சாமானெல்லாம் அங்கே போய்ச் சேரும் என்கிறார் மாமியார். எவ்வளவு பெரிதாகக் கட்டலாம்? தகரக் கூரை போதுமா? ஆயத்த ஷெட் வாங்கி நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. மரவேலையும் வெல்டிங்கும் ஒரே ஷெட்டில் என்கிறீர்களே, அதை முதலில் முடித்துவிடுவோம். அளவும் கூரையும் அப்புறம்.

தொழிற்கூடத் தீ விதிகளில் புழங்கும் கணக்கு ஒன்று உண்டு. வெல்டிங்கில் தெறிக்கும் தீப்பொறி 35 அடி தூரம்வரை போகலாம்; அந்த வட்டத்துக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது; வேலை முடிந்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் ஒருவர் அங்கேயே இருந்து கவனிக்க வேண்டும். உங்கள் ஷெட்டில் ஒரு மூலைக்கும் எதிர்மூலைக்கும் இடையே 36 அடிதான். ஆக, எங்கே நின்று வெல்டிங் அடித்தாலும் ஏறக்குறைய மொத்த ஷெட்டும் பொறி எட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த ஷெட்டில்தான் உங்கள் மரத்தூளும் சீவலும் வார்னிஷ் டப்பாவும் இருக்கப்போகின்றன. நடுவில் திரை கட்டிக்கொள்ளலாமே என்று கணவர் கேட்பார். திரை பொறியின் பாதியைத் தடுக்கும். மீதிப் பாதி தரையோடு உருண்டு, தூள் குவிந்திருக்கும் இடுக்கில் போய்ப் படுத்துக்கொள்ளும். தீ அங்கே உடனே தெரியாது. விளக்கை அணைத்துப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போன பிறகு தெரியும்.

வெல்டிங்கைவிட, இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். வெல்டிங் என்றால் எல்லோரும் ஜாக்கிரதையாக இருப்பார்கள். "ஒரு நிமிஷம், இந்த விளிம்பை மட்டும் தேய்த்துக்கொள்கிறேன்" என்று கிரைண்டரை எடுக்கும்போது யாருக்கும் பயம் வருவதில்லை. மரத்தூள் உறிஞ்சும் இயந்திரம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்து ஒரு பொறியை உள்ளே இழுத்துக்கொண்டால், பை நிறைய உலர்ந்த தூள், கூடவே விசிறியின் காற்று. வேறென்ன வேண்டும்?

ஆகவே உள்ளே மரம் மட்டும். ஷெட்டின் நீளவாக்கில் வெளிப்பக்கம் 10 அடி அகலத்தில் ஒரு சாய்ப்பு இறக்கி, கான்கிரீட் தரை போட்டு, கணவருக்குக் கொடுத்துவிடுங்கள். கிரைண்டரும் அங்கேயே. இரண்டுக்கும் நடுவில் இருப்பது செங்கல் அல்லது பிளாக் சுவராக, கீழே இடுக்கு இல்லாததாக இருக்க வேண்டும். அந்தப் பக்கம் ஜன்னல் வேண்டாம். வெல்டிங் வெளிச்சம் வீட்டுப் பக்கமோ அடுத்த வீட்டுப் பக்கமோ படாதபடி ஒரு மறைப்பும் வேண்டும், வேடிக்கை பார்க்கும் குழந்தைகளின் கண் கெட்டுவிடும். திறந்த சாய்ப்பில் காற்றோட்டம் இருப்பது அவருக்கும் நல்லதுதான். துத்தநாகம் பூசிய குழாயை அடைத்த அறைக்குள் வெல்டிங் அடித்தால் அந்தப் புகையிலேயே காய்ச்சல் வரும்.

சரி, இப்போது அளவு. சதுர அடியில் யோசிக்காதீர்கள். நீங்கள் கையாளப்போகும் மிகப் பெரிய பொருளை வைத்து யோசியுங்கள். மரவேலை செய்கிறவருக்கு அது பெரும்பாலும் 8 அடிக்கு 4 அடி ப்ளைவுட். அதை மேசை ரம்பத்தில் நீளவாக்கில் அறுக்க, முன்னால் 8 அடி, பின்னால் 8 அடி, நடுவில் ரம்பத்தின் மேசை. கூட்டினால் 19 அடி வரும், நீங்கள் நிற்க இடம் தனி. ரம்பத்தை 20 அடி அகலத்துக்குக் குறுக்கே வைத்தால் சுவரில் முதுகு இடிக்கும். 30 அடிப் பக்கத்துக்கு இணையாக, கதவுக்கு நேராக வையுங்கள். அப்படி வைத்தால் 14 அடிப் பலகை வந்தாலும் கதவைத் திறந்துவிட்டு வெளியே நீள விட்டு அறுக்கலாம். வாசலுக்கு வெளியே இருக்கும் இடமும் பட்டறையில் சேர்ந்துவிடுகிறது, செலவில்லாமல். கதவு 6 அடிக்குக் குறையாத இரட்டைக் கதவாக, வெளிப்பக்கம் திறப்பதாக இருக்கட்டும்.

உயரத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். 8 அடி ப்ளைவுட்டைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தும்போது அதன் மூலைவிட்டம் கிட்டத்தட்ட 9 அடி. 9 அடிக் கூரையில் விளக்கும் தொங்கினால் முதல் நாளே விளக்கு உடையும். தாழ்ந்த பக்கத்திலேயே 10 அடி வையுங்கள்.

இதைத் தாளில் வரைந்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். இடத்தில் முளை அடித்துக் கயிறு கட்டி, ஒவ்வொரு இயந்திரத்தின் அளவுக்கும் அட்டை வெட்டித் தரையில் போட்டு, 8 அடிக் கழி ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். எங்கே இடிக்கிறது என்று கழி சொல்லிவிடும். எனக்கென்னவோ, வெல்டிங்கை வெளியே அனுப்பிய பிறகு 20க்கு 30 தாராளமாகவே போதும் என்று படும்.

தரைக்குத்தான் பணத்தையும் யோசனையையும் அதிகம் செலவிட வேண்டும். கூரையைப் பின்னால் மாற்றலாம், சுவரில் ஜன்னல் வெட்டலாம். 600 சதுர அடிக்கு 4 அங்குலக் கான்கிரீட் என்பது 13 டன்னுக்கு மேல். அதை உடைத்துத் திருத்த யாருக்கும் மனம் வராது. மண்ணை நன்றாகத் திமிசு போட்டு, ஜல்லி பரப்பி, அதன்மேல் கனமான பிளாஸ்டிக் விரிப்பு போட்டுத்தான் கான்கிரீட் ஊற்ற வேண்டும். விரிப்பு இல்லாவிட்டால் மண் ஈரம் மேலேறி, சுவரோரம் சாத்திய பலகைகள் வளையும். வெளித்தரையைவிட அரை அடி உயரமாக இருக்கட்டும். கான்கிரீட்டில் எப்படியும் விரிசல் விழும். நாம் சொன்ன இடத்தில் விழட்டும் என்று 10 அடிக்கு ஒரு கோடு, 1 அங்குல ஆழத்துக்கு, ஊற்றிய ஒரு நாளுக்குள் அறுத்துவிட வேண்டும். ஒரு வாரம் தண்ணீர் கட்டுங்கள். கனமான இயந்திரங்களை 28 நாள் கழித்து இறக்கலாம். பட்டறைக்குள் தரை மட்டமாக இருக்க வேண்டும். வாட்டம் சாய்ப்புக்கு மட்டும்.

ஊற்றுவதற்கு முன்பே ஒரு வேலை: ரம்பம் நடுவில் நிற்கப்போகிறது என்றால் அதற்கான மின்குழாய் தரைக்குள் போக வேண்டும். இப்போது விட்டால், பிறகு காலில் சிக்கும் ஒயர்தான்.

மின்சாரத்தில் விளக்குக்கும் இயந்திரத்துக்கும் தனித்தனி இணைப்பு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ரம்பம் திணறி டிரிப் ஆகும்போது விளக்கும் சேர்ந்து அணைந்தால், பல் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் ரம்பத்தின் முன் இருட்டில் நிற்பீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது இழுப்பதைப்போல 5 முதல் 7 மடங்கு மின்னோட்டம் இழுக்கும். வீட்டிலிருந்து பட்டறை தூரம் என்றால் கேபிளை ஒரு சுற்று தடிமனாகவே போடச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியும் சரியான எர்த்தும் கட்டாயம். பழைய சோக் வைத்த டியூப்லைட் வேண்டாம். அதன் மினுக்கலில் சுற்றுகிற ரம்பம் நிற்பதுபோல் தெரியக்கூடும்.

தகரக் கூரை போதும், ஆனால் வெறும் தகரம் போதாது. வானம் தெளிந்த இரவில் தகரம் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்து, உள்ளேயிருக்கும் ஈரக்காற்று அடிப்பக்கத்தில் நீராகப் படிந்து சொட்டும். காலையில் பார்த்தால் உளியும் ரம்ப மேசையும் துருப்பிடித்திருக்கும், மழையே பெய்திருக்காது. அடியில் வெப்பத்தடுப்புத் தாள் கொடுங்கள், எதிரெதிர் சுவர்களில் காற்றுப்போக்கு வையுங்கள். வெயிலுக்கும் மழைச் சத்தத்துக்கும் அதுவே உதவும். 10 மில்லிமீட்டர் மழைக்கே இந்தக் கூரையிலிருந்து 550 லிட்டர் தண்ணீர் இறங்கும், அது எங்கே போகும் என்று இப்போதே பார்த்துவிடுங்கள். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வாங்க வேண்டாம்.

மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் 1995லேயே சேர்த்துவிட்டார்கள், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையினர். உறிஞ்சும் இயந்திரம் வாங்கினாலும் முகக்கவசத்தை விடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியவும் கூடாது. காய்கிறபோது அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய இரும்பு டப்பாவில் மூடி வையுங்கள்.

ஆயத்த ஷெட் வாங்கலாம், தவறில்லை. விற்பவர் சொல்லும் உயரம் உச்சியில் அளந்ததா, சுவரோரம் அளந்ததா என்று கேளுங்கள். தரை அதில் பெரும்பாலும் சேராது. இலகுவான ஷெட்டைப் பெருங்காற்று தூக்கிப் பார்க்கும் என்பதால், ஒவ்வொரு காலும் கான்கிரீட்டில் புதைத்த போல்ட்டில் நிற்க வேண்டும். எனவே ஷெட்டின் வரைபடம் கைக்கு வந்த பிறகே தரை. சாய்ப்பு பக்கச் சுவரைத் தனியாகக் கட்டிக்கொள்ளுங்கள்.

மாமியார் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். அதற்காகப் பட்டறையைச் சுருக்க வேண்டாம். சாய்ப்பின் ஒரு முனையில், வெல்டிங்கிலிருந்து சுவர் தடுத்து, தனிக்கதவோடு ஒரு சின்ன அறை கட்டி, சாவியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

கட்ட ஆரம்பிக்கும் முன் உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதியும் எல்லையிலிருந்து எத்தனை அடி விட வேண்டும் என்பதும் கேட்டுக்கொள்ளுங்கள். இயந்திரங்களின் பட்டியல் ஒன்றும் எனக்கு வேண்டும். நீள அகலத்தோடு, ஒவ்வொன்றின் தகட்டிலும் இருக்கும் ஆம்பியர் எண்ணையும் எழுதி அனுப்புங்கள், வெல்டிங் மெஷினுடையதையும் சேர்த்து. கேபிள் தடிமனை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.