மூன்று நாளில் வந்த சட்டமா?

அன்புள்ள ஐயா,

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பர் 14 அன்று மாநிலங்களவையிலும் 16 அன்று மக்களவையிலும் நிறைவேறியது. பணமதிப்பிழப்பு அமளியில் கூட்டத்தொடரே முடங்கிக் கிடந்த நேரம். அப்போதும் இதை யாரும் எதிர்க்கவில்லை. அப்படியென்றால் எல்லாக் கட்சிகளுக்கும் இதில் அக்கறை இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த மூன்று நாளை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா ஏற்றது 2007இல். அதற்கேற்பப் பழைய 1995 சட்டத்தை மாற்றியாக வேண்டும். புதுச் சட்டத்துக்காக அரசு அமைத்த சுதா கௌல் குழு 2011இல் வரைவு கொடுத்தது. மசோதா அவைக்கு வந்ததோ 2014 பிப்ரவரியில், தேர்தல் நெருங்கிவிட்ட பிறகு. வரைவில் இருந்த பலதும் அதில் இல்லை.

அப்போது மாற்றுத்திறனாளிகள் உரிமை இயக்கத்துக்குள்ளேயே பிளவு. இதையாவது வாங்கிக்கொள்வோம், அடுத்த ஆட்சி எப்படியோ என்றார்கள் ஒரு சாரார். ஓட்டைச் சட்டத்தை வாங்கிவிட்டால் அப்புறம் ஆயுசுக்கும் அதுதான் என்றார்கள் மற்றவர்கள். பெற்ற பிள்ளைக்காகப் பேசுகிறவர்களின் தவிப்பு இரு பக்கமும் இருந்தது. யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காத்திருந்ததில் லாபம் உண்டு. 1995இல் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகள் 21 ஆயின. நஷ்டமும் உண்டு. 2014 மசோதாவில் 5 சதவீதமாக இருந்த வேலை இடஒதுக்கீடு 4 ஆனது. சட்டத்தை மீறினால் சிறை என்று இருந்தது அபராதமாகச் சுருங்கியது. முதல் தடவைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு எதிராக யாரும் ஓட்டுப் போட மாட்டார்கள். வெட்ட வேண்டியதை வாசகத்திலேயே வெட்டிவிடுவார்கள். அதனால் எதிர்ப்பில்லாமல் நிறைவேறியதை நான் அக்கறைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

மாற்றுத்திறனாளிகள் வந்துபோகும்படி பொதுக் கட்டடங்களைச் சரிசெய்ய, 2017இல் சட்டத்தின் விதிகள் வந்ததிலிருந்து ஐந்து வருடம் கெடு. அது 2022இல் முடிந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களைக் கட்டாயமாக்காமல் வெறும் பரிந்துரையாக வைத்திருக்கிறது என்று அந்த விதிகளில் 15(1)ஐயே செல்லாது என்றது.

போன வருடம் என் அக்காவை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். புதுச் சாய்தளம், பளபளக்கும் கைப்பிடி. ஏறி முடிந்த இடத்தில், கதவுக்கு முன்னால் இரண்டு படி. சக்கர நாற்காலியின் முன்சக்கரம் முட்டி நின்றது. அதிகாரி ஒருவர் தாளோடு வெளியே வந்து அங்கேயே கையெழுத்து வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் வீடு வந்து சேரும்வரை அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை.