தனியாக நான்கு நாட்கள் பினாங்கில்: எங்கே தங்குவது, எப்படிக் கழிப்பது?

பழைய நகரமும் வேண்டும், கடலும் வேண்டும், ஓட்டமும் நடையுமாக அலையக் கூடாது, அப்படித் தனியாக நான்கு நாட்கள் பினாங்கில் இருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இருக்கலாம். நான் கோலாலம்பூரில் வசிப்பவள். சிறு வயதில் குடும்பத்தோடும், கடந்த சில ஆண்டுகளாகத் தனியாகவும் அங்கே போய் வருகிறேன். நீந்திக் குளிப்பதுதான் முக்கிய நோக்கம் என்றால் லங்காவிக்குச் செல்லுங்கள் என்றே சொல்வேன். பினாங்கின் கடல் உட்கார்ந்து பார்ப்பதற்கும் படகில் கடப்பதற்கும் உரியது. ஆகவே பத்து பெரிங்கியின் கடலோர விடுதிகளை நாடாமல், தீவின் பழைய நகரமான ஜார்ஜ்டவுனுக்குள்ளேயே பழைய கடைவீடு ஒன்றைத் திருத்தி அமைத்த விடுதியில் அறை எடுத்துக்கொண்டு, கடற்கரைக்கென ஒரு நாளை ஒதுக்குங்கள்.

விமானத்தில் போவதைவிட, கோலாலம்பூரிலிருந்து, தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு ரயிலில் சென்று, அங்கிருந்து படகில் தீவுக்குப் போவதையே நான் விரும்புகிறேன். ரயிலுக்கு நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நிலையத்திலிருந்து நடந்தே படகுத்துறையை அடைந்துவிடலாம். எதிர்க்கரையையும் தீவையும் இணைக்கும் பதிமூன்றரை கிலோமீட்டர் நீளப் பாலம் 1985இல் திறக்கப்பட்டுவிட்டது என்றாலும், பினாங்கு ஒரு துறைமுகமாகப் பிறந்த ஊர் என்பது அந்தச் சில நிமிடப் படகுப் பயணத்தில்தான் மனத்தில் படிகிறது. எனக்கு அதில் சொந்தக் காரணமும் உண்டு. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் இடம்பிடித்து வந்து இறங்கிய துறைமுகம் இதுதான். அப்படி வந்தவர்களை ஊருக்குள் விடுவதற்கு முன்பு, நோய் ஏதும் இல்லை என்று உறுதியாகும் வரை ஜெரெஜாக் தீவில் தங்க வைத்தார்கள். இன்றைய பாலத்துக்குத் தெற்கே பச்சைப் பசேலென்று தெரியும் அந்தச் சிறு தீவைப் பார்க்கும்போதெல்லாம், கரை கண்ணுக்குத் தெரிந்தும் கால் வைக்க முடியாமல் தாத்தா காத்திருந்த நாட்கள் நினைவுக்கு வரும்.

முதல் இரண்டு நாட்களையும் நகரத்துக்கே கொடுங்கள். பிரான்சிஸ் லைட் 1786இல் நிறுவிய இந்த நகரம், மலாக்காவுடன் சேர்த்து 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. சுவரோவியங்களைத் தேடிப் படம் எடுப்பதிலேயே பலர் அரை நாளைச் செலவிடுகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த உங்களுக்கு இந்தத் தெருக்களில் கிடைப்பது வேறு. குயின் தெருவில் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில், தமிழ் முஸ்லிம் வணிகர் காதர் முகைதீன் 1801இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சுலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரால் அமைந்த தர்கா. பினாங்குத் தெருவில், தைப்பூசத்தின்போது வெள்ளி ரதம் புறப்படும் நகரத்தாரின் கோவில் வீடு. சோழமண்டலக் கரையின் ஒரு துண்டைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்து வைத்ததைப் போல இருக்கும்.

காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். கடைகள் திறக்கும் முன் அஞ்சடியில், அதாவது கடைவீடுகளின் முன்னால் கூரையோடு செல்லும் நடைபாதையில், நடந்தால், பழைய தரை ஓடுகளின் பூ வேலைப்பாட்டை நின்று பார்க்கலாம். மார்க்கெட் தெருவில் பூக்கடைக்காரர் ஒருவர் நாரை நீரில் நனைத்து, இரண்டு மொட்டு இப்பக்கம், இரண்டு மொட்டு அப்பக்கம் என்று வைத்து, விரலைப் பார்க்காமலேயே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் தனியாக வந்திருப்பதைக் கேட்டறிந்ததும், "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் விசாரித்தார்.

நண்பகலில் வெயில் கடுமையாக இருக்கும். நான்கு மணி வரை அறையிலேயே ஓய்வெடுங்கள். வெளியே இருந்தே ஆக வேண்டுமென்றால், பிரான்சிஸ் லைட் அடக்கம் செய்யப்பட்டிருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போகலாம். அவர் இறந்த ஆண்டு 1794. கல்லறைகளுக்கு மேல் கவிந்து நிற்கும் பெருங்கள்ளி (ஈழத்தலரி) மரங்களின் நிழலில் ஒரு மணி நேரம் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். மாலையில் கார்ன்வாலிஸ் கோட்டையை ஒட்டிய கடலோரத் திடலுக்கு வந்துவிடுங்கள். அங்கே விக்டோரியா அரசியாரின் அறுபது ஆண்டு ஆட்சியைக் குறிக்க அறுபது அடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூண்டு உண்டு. போர்க்காலக் குண்டுவீச்சின் அதிர்ச்சியால் அது சற்றே சாய்ந்திருக்கிறது.

தனியாகச் சாப்பிட நாசி கண்டார் கடையைப் போல வசதியான இடம் வேறு இல்லை. தமிழ் முஸ்லிம்கள் காவடித்தண்டின் இருபுறமும் சோறும் கறியும் கட்டித் தூக்கிச் சென்று விற்றதால் வந்த பெயர் அது. கண்டார் என்றால் அந்தத் தண்டு. தட்டில் சோற்றை வைத்து, மீன் குழம்பில் ஒரு கரண்டி, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, இறைச்சிக் குழம்பில் ஒரு கரண்டி என்று சோறு மூழ்கும்படி ஊற்றுவார்கள். அதை மலாயில் 'பஞ்சிர்', அதாவது வெள்ளம், என்பார்கள். குழம்புகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டாம். அவை கலப்பதில்தான் சுவை இருக்கிறது. வரிசையில் நின்று, கையால் காட்டிக் கேட்டால் போதும்.

மூன்றாம் நாள், படகுத்துறையிலிருந்து 101ஆம் எண் பேருந்தில் ஏறுங்கள். பத்து பெரிங்கி வழியாக அது தெலுக் பஹாங் வரை செல்லும். முதலில் கடைசி நிறுத்தம் வரை போய், தேசியப் பூங்காவின் கரையோரப் பாதையில் இயன்ற வரை நடந்துவிட்டு, மாலை வெயில் தணிந்ததும் பத்து பெரிங்கி மணலில் அமரலாம். ஜெல்லி மீன்கள் வருவதுண்டு. உள்ளூர்க்காரர்களிடம் விசாரிக்காமல் தண்ணீரில் இறங்காதீர்கள்.

நான்காம் நாளுக்குத் தண்ணீர்மலை போதும். பாலதண்டாயுதபாணி கோயிலின் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகளை விடியற்காலையில் மூச்சு வாங்காமல் நின்று நின்று ஏறினால், உச்சியில் நகரமும் நீரிணையும் ஒருசேரத் தெரியும். 1923இல் திறந்த மலை ரயிலில் பினாங்கு மலைக்குப் போக விரும்பினால் வார நாளில், முதல் வண்டிக்கே செல்லுங்கள். பள்ளி விடுமுறை நாளில் போய், ஒரு காலை முழுவதையும் வரிசையில் இழந்திருக்கிறேன்.

பெண்கள் தனியாகச் செல்வது பற்றியும் சிலர் கேட்பதுண்டு. இரவு பத்து மணி வரை, மகா மாரியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள லிட்டில் இந்தியாவிலும் உணவுக் கடைகள் உள்ள தெருக்களிலும் ஆள் நடமாட்டம் இருக்கும்; எனக்கு அங்கே அச்சம் ஏற்பட்டதில்லை. கைப்பையை மட்டும் சாலைப் பக்கம் தொங்கவிடாமல் சுவர்ப் பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். தைப்பூசத்தை ஒட்டிப் போவதாக இருந்தால் ஜார்ஜ்டவுனில் அறை கிடைப்பது அரிது. பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.