சுருங்கை என்றால் என்ன, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

தரைக்கு அடியில் மறைவாகக் கட்டின வழி, அதுதான் சுருங்கை. அதில் கழிவுநீரும் போகலாம், ஆளும் போகலாம், ஏன், யானையே போகலாம். சிலப்பதிகாரத்தில் மதுரையைச் சொல்லும்போது 'பெருங்கை யானை இனநிரை பெயரும் சுருங்கை வீதி' என்று வருகிறது, அதாவது யானைக் கூட்டம் போகிற அளவுக்கு அகலமான மறைவழி. மணிமேகலையிலோ 'சுருங்கைத் தூம்பு' என்று வருகிறது, இது சாக்கடைதான்: வஞ்சி நகரத்து வீடுகளில் பெண்கள் கூந்தல் அலசின வாசனைத் தண்ணீர் இதன் வழியாகத்தான் அகழிக்குப் போய்ச் சேர்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது, ஒரு ஊரின் வடிகாலை இவ்வளவு ஆசையாகப் பாடியிருக்கிறார்கள்!

சரி, சொல் எங்கிருந்து வந்தது? 'சுருங்கு' என்ற வினையிலிருந்து என்று சொல்லத் தோன்றும், ஆனால் யானை போகிற வழிக்கு அது ஒட்டவில்லை. கிரேக்கத்தில் 'சூரிங்ஸ்' என்றால் குழல், குழாய், அப்புறம் சுரங்கவழி. அதுவே வடமொழியில் 'சுருங்கா' ஆனது, அர்த்தசாஸ்திரத்திலும் இருக்கிறது. அதுவே தமிழில் சுருங்கை ஆனது என்பதுதான் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து, எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. இன்று நாம் சொல்லும் சுரங்கமும் இதே குடும்பம்தான்.

கூட இருக்கிற 'தூம்பு' நம்ம சொல். உள்ளே துளையுள்ளது எதுவும் தூம்பு: மூங்கில் குழாய், ஏரி மதகு, மலைபடுகடாம் சொல்லும் ஊதுகருவி. கிரேக்கச் சொல்லும் ஊதுகுழலுக்கு உண்டு என்பதைக் கவனியுங்கள்.