அழுகலில் விளையும் அமுதம்: ஷாத்தோ டிகெம்

கேள்வி: பிரான்சின் ஷாத்தோ டிகெம் தோட்டத்து இனிப்பு ஒயினை அழுகிய திராட்சையில் செய்கிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். ஆனால் எல்லா அழுகலும் ஒன்றல்ல. போர்தோவுக்குத் தெற்கே சொத்தேர்ன் பகுதியில், சிரோன் என்ற குளிர்ந்த சிற்றாறு வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கிறது. இலையுதிர்காலத்தில் அங்கிருந்து மூடுபனி எழுந்து, காலைவரை தோட்டங்களின் மேல் கவிந்திருக்கும். அந்த ஈரத்தில்தான் பொட்ரைட்டிஸ் சினீரியா என்ற பூஞ்சணம் பிடிக்கிறது. நண்பகலில் வெயிலும் காற்றும் வந்து உலர்த்தினால், பூஞ்சணம் துளைத்த தோல் வழியே நீர் ஆவியாகி, உள்ளே சர்க்கரை செறியும். பழம் முதலில் ஊதா கலந்த பழுப்பாகும். பிறகு சுருங்கி, சாம்பல் படிந்த உலர்திராட்சை போலாகிவிடும். கண்ணுக்கு அருவருப்பு, நாக்குக்குத் தேன். மழை விடாமல் பெய்தாலோ அதே பூஞ்சணம் எமனாகிவிடும்: தோல் வெடித்து, சாறு ஒழுகி, காடி வாடை அடிக்கும். அப்படிப்பட்ட பழத்தைப் பறிப்பவர்கள் அங்கேயே நறுக்கி எறிந்துவிட வேண்டும்.

கேள்வி: ஒரு கொடிக்கு ஒரு கோப்பை ஒயின்தான் என்பது மிகையல்லவா?

பதில்: மிகையே இல்லை. ஒரு குலையிலேயே பாதிப் பழம் சுருங்கியிருக்கும், மீதி பச்சையாக நிற்கும். அதனால் ஒரே கொடியிடம் ஐந்தாறு முறை, சில ஆண்டுகளில் அதற்கும் மேல், திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் பதமான பழத்தை மட்டும் கையால் எடுப்பார்கள். அறுவடை நவம்பர்வரைகூட இழுக்கும். நீர் வற்றிய பழத்தில் சாறும் குறைவு. நான் இந்தத் தோட்டத்தை மதிப்பது இந்தப் பொறுமைக்காகத்தான்.

கேள்வி: அவ்வளவு இனிப்பு எப்படி? சர்க்கரை சேர்ப்பார்களா?

பதில்: சேர்ப்பதில்லை. அறுவடையிலேயே கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் சாற்றில் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும். லிட்டருக்கு 350 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும்போது பறித்தால், ஈஸ்ட் 13.5 அல்லது 14 சதவீதம்வரை வந்து சோர்ந்துவிடும். 110 முதல் 120 கிராம் இனிப்பு தங்கும். முன்னதாகப் பறித்தால் இனிப்பு மிஞ்சாது; மிகத் தாமதித்தால் நொதித்தலே திணறி, ஒயின் பாகுபோல் கனத்துவிடும். பிழியும்போதும் அவசரம் ஆகாது: செறிந்த பழம் சர்க்கரையைக் கடைசியில்தான் விடும், ஆகவே பின் பிழிவுகளே அதிக இனிப்பு. நொதிப்பது புதிய ஓக் பீப்பாயில். பூஞ்சணம் பிடித்த சாறு, ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடை அதிகம் பிணைத்துக்கொள்ளும். சாதாரண வெள்ளை ஒயினுக்குப் போடும் அளவு இதற்குப் போதாது.

கேள்வி: சில ஆண்டுகளில் இந்த ஒயினே வராதாமே?

பதில்: ஆம். 1964, 1972, 1974, 1992, 2012 ஆகிய ஆண்டுகளில் டிகெம் பெயரில் ஒரு புட்டியும் வரவில்லை. தரமில்லை என்றால் முழு விளைச்சலையும் விட்டுக்கொடுக்கிறார்கள். போர்தோ ஒயின்களுக்கான 1855 தரவரிசையில் தனி உயர்நிலை பெற்ற ஒரே சொத்தேர்ன் தோட்டம் இது. அந்த இடம் சும்மா நிலைக்கவில்லை.

கேள்வி: திறந்த புட்டி எத்தனை நாள் தாங்கும்?

பதில்: மூடி குளிர்ப்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாராளமாக. பரிமாறும்போது 10 முதல் 12 டிகிரி இருக்கட்டும். மிகக் குளிர்ந்தால் மணம் எழாது.